மூன்று வினாடிப் பேச்சு

மூன்றாவது தடவையும் யோகராணி இரண்டு நிமிடப் பேச்சை நாற்பது வினாடியில் பேசி முடித்துவிட்டு, அடுத்து என்ன என்பதுபோல் கமராவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தயாரிப்பாளர் கெவின் நெற்றியைத் தடவிக்கொண்டான். மெல்பேர்ன் தொலைக்காட்சி நிலையம் ஒன்றில், பெண்கள் விளையாட்டுக்கென்று வாரம் அரை மணி நேரம் நிரப்புகிற வேலை அவன் தலையில் விழுந்திருந்தது. யாராவது துரத்துகிறார்களா என்று அவளிடம் மெதுவாகக் கேட்டான்.

அவளிடம் பிழையில்லை. வலைப்பந்தாட்டத்தில் பந்து கைக்கு வந்தால் மூன்று வினாடிக்குள் அடுத்தவளுக்கு எறிந்துவிட வேண்டும். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட அணியில் தொடங்கி மெல்பேர்ன் புறநகர் டண்டினொங் கிளப் வரை இருபது வருடம் எறிந்து பழகியவளுக்கு, வாய்க்கு வந்த சொல்லையும் வைத்திருக்கத் தெரியவில்லை.

போன வருட அரையிறுதியில் வலது முழங்கால் போய்விட்டது. இனிக் குதிக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதன்பிறகு வாரநாட்களில் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை, சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பிள்ளைகளுக்குப் பயிற்சி என்று இருந்தாள். அதற்கும் கேடு வந்தது. ஓகஸ்ட் முடிவதற்குள் பதினான்கு பிள்ளைகளாவது ஒழுங்காக வராவிட்டால் மைதானத்தைக் கார் நிறுத்துமிடமாக மாற்றப் போவதாக நகரசபை கடிதம் போட்டிருந்தது. வந்துகொண்டிருந்தது பதினொரு பேர். அந்த நேரம் பார்த்துத்தான் கெவின் அழைத்தான். தொலைக்காட்சியில் நாலு வார்த்தை சொன்னால் இன்னும் மூன்று பிள்ளைகள் வராமலா போய்விடுவார்கள் என்று நம்பி ஒப்புக்கொண்டாள். ஒவ்வொரு செவ்வாயும் ஒளிப்பதிவு, ஞாயிறு பின்னேரம் ஒளிபரப்பு என்று கெவின் சொன்னான். திரையில் போட அவள் பெயரையும் 'யோகா' என்று சுருக்கிவிட்டான்.

முதல் நிகழ்ச்சி போன அன்றே சிநேகிதி ரஞ்சினி போன் எடுத்தாள்.

"என்னடி, ரயிலைப் பிடிக்க ஓடுறவள் மாதிரிக் கதைக்கிறாய்? அதோட உந்தக் கட்டைப் பாவாடை வேற. ஒரு சீலையை உடுத்துப் பார், ஆறுதல் தானா வரும்."

சொல்லிவிட்டு அவள் தங்கையைப் பார்க்க இரண்டு மாதம் சிட்னிக்குப் போய்விட்டாள். யோகராணிக்குத் தன் முகத்தைப் பார்த்துத் திருத்தவும் வழியில்லை. வீட்டில் ரீவி இல்லை. அந்த வருடம்தான் கலர் ஒளிபரப்பு தொடங்கியிருந்தது.

"இப்ப கறுப்பு வெள்ளை வாங்கிறது விசர் வேலை," என்று கணவர் வரதராஜா சொல்லிவிட்டார். "கலர் மலியட்டும்."

வேகத்தைக் குறைக்க அடுத்த செவ்வாய் கெவின் ஒரு வழி கண்டுபிடித்தான். கையில் ஒரு பந்தைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டே பேசச் சொன்னான். யோகராணி வணக்கம் சொன்னாள், பெயரைச் சொன்னாள், மூன்றாவது வினாடியில் பந்தை எறிந்தாள். அது கமராக்காரனின் காதோடு போய்ப் பின்னால் இருந்த விளக்கில் விழுந்தது. ஸ்ரூடியோ பாதி இருண்டது. பதறிப்போய் அதை வெட்டிவிடச் சொன்னாள். கெவின் தலையாட்டினான்.

அந்தச் சனிக்கிழமை பயிற்சிக்கு ஒன்பது பேர்தான் வந்தார்கள்.

பேச்சு சரியில்லை, அதுதான், என்று அவள் முடிவுகட்டினாள். மறுவாரம் முழங்காலும் வலித்தபடியால் இருந்து பேச ஒரு கதிரை கேட்டாள். சில்லுப் பூட்டிய கதிரை கொடுத்தார்கள். பந்தோடு நிற்பவள் ஊன்றிய காலை நகர்த்தக் கூடாது என்பது ஆட்ட விதி. அந்தப் பழக்கத்தில் ஒரு காலை நிலத்தில் ஊன்றி மற்றக் காலால் உந்தித் திரும்பினாள். கதிரை அவளையும் கொண்டு இரண்டு சுற்றுச் சுற்றி ஓய்ந்தது. கிறங்கிய தலையோடே புள்ளி விபரங்களை வாசித்ததில், தோற்ற அணிகளெல்லாம் வென்றுவிட்டன.

அந்தச் சனிக்கிழமை ஆறு பேர்.

இரவுச் சாப்பாட்டில் அவள் நடந்ததைச் சொன்னாள். வரதராஜா ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி முழங்காலில் வைத்துவிட்டார்.

"விட்டுப்போட்டு இரும். உமக்கேன் இந்தக் கரைச்சல்?"

"நான் கதைக்கக் கதைக்கப் பிள்ளையள் குறையினம். இப்ப விட்டால் என்னாலதான் கிளப் மூடினது எண்டாகும்."

மிச்சமிருந்தது ரஞ்சினியின் யோசனை. நல்ல நீலப் பட்டுச் சீலையாகப் பார்த்து உடுத்துக்கொண்டு போனாள். உண்மையாகவே ஆறுதல் வந்தது. ஒரு சொல்லையும் விழுங்காமல் இரண்டு நிமிடத்தையும் நிறைத்துப் பேசினாள். தன் வாழ்க்கையிலேயே அதுதான் நல்ல பேச்சு என்று நினைத்துக்கொண்டு திரும்பினால், கமராக்காரன் வாயைப் பொத்தியபடி வெளியே ஓடிக்கொண்டிருந்தான். கெவின் விளங்கப்படுத்தினான். பின்னால் மைதானம் தெரிவதற்காக, நீலம் எங்கே இருந்தாலும் அங்கே மைதானப் படம் தெரியும்படி கருவியை வைத்திருந்தார்களாம். படத்தில் சீலையைக் காணோம். ஒரு தலையும் இரண்டு கைகளும் புல்லுக்கு மேலே மிதந்து பெற்றோருக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தன.

திருப்பி எடுக்கச் சொல்லிக் கெஞ்சினாள். நேரமில்லை என்றான். அவன் முகத்தில் கவலை எதுவும் இல்லாதது அவளை இன்னும் களைக்க வைத்தது.

அந்த வாரம் மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரிடமும் நிகழ்ச்சி பார்க்கிறீர்களா என்று கேட்டாள். ஒருநாளும் பார்த்ததில்லை என்றார்கள். பார்க்காதவர்கள்தான் வருகிறார்கள் என்றால், பார்த்தவர்கள் தன்னைக் கண்டு ஓடிவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்? மைதானத்து மர வாங்கில் உட்கார்ந்து அதையே நெடுநேரம் யோசித்தாள். செவ்வாய்க்கிழமை கடைசி ஒளிப்பதிவை ஏனோதானோ என்று முடித்துக் கொடுத்தாள். திங்கட்கிழமை கெவினுக்குப் போன் எடுத்து விலகுவதாகச் சொல்லிவிட வேண்டியதுதான்.

அடுத்த சனிக்கிழமை பத்தேகால் மணிவரை நின்று பார்த்தாள். ஒரு குருவியும் வரவில்லை. பந்துகளைப் பையில் அள்ளிப் போட்டாள். குளிரில் முழங்கால் விறைத்து, நடக்கவே முடியவில்லை. காலை இழுத்து இழுத்து, தெருமுனையில் இருந்த கிரேக்கர் ஒருவரின் மில்க் பார் என்ற தெருக்கடைக்குள், சூடாக எதையாவது குடிப்போம் என்று நுழைந்தாள்.

கடைக்குள் கால் வைக்க இடமில்லை. முப்பது பிள்ளைகளாவது நிலத்தில் சம்மணம் போட்டு இருந்தார்கள். அவளுடைய பதினொரு பேரும் அங்கே, ஒருநாளும் பார்த்ததில்லை என்ற அந்த மூன்று பேரும் உட்பட. மற்றவர்கள் அவள் கண்டே இராத பிள்ளைகள். எல்லோரும் விளையாட்டுப் பாவாடையும் சப்பாத்துமாக ஆயத்தமாகத்தான் இருந்தார்கள். கடைக்காரர் கல்லாவை விட்டுவிட்டு அவர்களோடு நின்று கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால், வாசல் பக்கம் இருந்த புதுக் கலர் ரீவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

யோகராணி பையைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பதினான்கு பேருக்காகத் தான் பட்ட பாட்டையெல்லாம் சொல்ல வாயெடுத்தாள்.

முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி, திரையில் இருந்து கண்ணை எடுக்காமலே கையை அசைத்தாள்.

"கொஞ்சம் விலகி நில்லுங்கோ, யோகாவை மறைக்குது. இதை ஞாயிறில இருந்து சனி பத்து மணிக்கு மாத்தின நாள் தொட்டு, எங்களுக்குப் பயிற்சிக்குப் போக நேரமே கிடைக்கேல்ல."