ஐந்து கணினிகளிலும் என் முகம்

சங்கரன்கோவில் வட்டாரத்தில் அரசாங்கக் கணினியை வாய்மூட வைத்த மனிதர் ஒருவர்தான். அவருடைய பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. நாங்கள் அழைத்தது டொய்ங் என்று. தப்பாகத் தட்டினால் கணினி எழுப்பும் அந்தச் சத்தத்தைப் பிடுங்கி எறிந்தவருக்கு, அந்தச் சத்தத்தையே பெயராக வைத்தது எங்கள் அலுவலகத்தின் நீதி.

குருவிகுளத்திலிருந்து பேருந்தில் வரும் ஒப்பந்தக் கணினிப் பணியாளர் அவர். நான் கண்காணிப்பாளர். ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஐந்து கணினிகளிலும் சத்தம் இல்லை. பதிலுக்கு இரண்டு வினாடி வீடியோக்கள், பாதித் திரையை அடைத்துக்கொண்டு. அச்சுப்பொறியில் தாள் தீர்ந்தால் அலுவலக உதவியாளர் மாடசாமி வெறும் கையை விரித்தார். தப்பான எண்ணைப் போட்டால், புளியங்குடி எலுமிச்சை வியாபாரி ஒருவர் விலை படியாமல் தலையை ஆட்டினார். விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டால் நான் தோன்றினேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, சும்மா பார்த்தேன். எப்போது படம்பிடித்தாரோ தெரியாது. முப்பது ஆண்டுகள் அந்தப் பார்வையைக் கொடுத்தே பழகியவன், வாங்கிக்கொள்வது எப்படியிருக்கும் என்று அன்றுதான் அறிந்தேன்.

டொய்ங்கை அழைத்து, இது அலுவலகமா சினிமாக் கொட்டகையா என்று கேட்டேன். சத்தம் தலைவலி என்றார். சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்றேன். நகரவில்லை. நிரந்தர ஊழியரென்றால் குறிப்பாணை, விளக்கம், இறுதி ஆணை என்று படிகள் உண்டு. ஒப்பந்தக்காரரை அனுப்ப ஒரு வரி போதும். அந்த வரியை எழுதத் தாளை எடுத்தேன். அப்போதுதான் குரலைத் தாழ்த்தினார்.

"தங்கம் அக்காவுக்கு ஒரு வருசமா காது கேக்கல சார்."

தங்கம் எங்கள் தட்டச்சர். தட்டச்சுப் பயிலகத்தில் கற்றவர்களுக்குக் கண் தாளில் இருக்கும், விரல் தனியே ஓடும்; கணினி டொய்ங் என்று தடுத்தால்தான் நிமிர்வார்கள். அவர் நிமிராமலே போய்க்கொண்டிருந்தார். பாதித் திரை அசைந்தால் ஓரக்கண்ணே பிடித்துவிடும். பதிவாகாமல் நின்ற விண்ணப்பங்களுக்காக நானே அவருக்கு இரண்டு குறிப்பாணை கொடுத்திருந்தேன். மூன்றாவது போனால் விசாரணை; அதில் காது விஷயம் வெளிவந்தால் மருத்துவக் குழு. அதன் பிறகு வீடு.

"சரிவே, அந்தம்மா மிஷின்ல மட்டும் வச்சா போதாதா?"

"ஒண்ணுல மட்டும் வச்சா, யாருக்குன்னு கேப்பாவல்லா சார்."

தாளை இழுப்பறைக்குள் வைத்தேன்.

அடுத்த வாரம் மாவட்டத்திலிருந்து ஆய்வு அலுவலர் வந்தார். ஐந்து நாற்காலிகள் இருக்க, தங்கத்தின் நாற்காலியில் அமர்ந்தார். ஒரு கட்டத்தைக் காலியாக விட்டார். திரையில் நான் எழும்பி, கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தேன். யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டார். டொய்ங் எழுந்திருக்கப் போனார். தங்கம் எங்கள் உதடுகளை மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான்தான் சார். வாய்மொழி உத்தரவு."

அவர் திரையையும் என்னையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஆள் மாறாட்டம் எதுவும் இல்லை என்று திருப்தியானதும், எழுத்தில் உறுதிசெய்து கோப்பில் வைக்கச் சொன்னார். அன்று மாலையே வைத்தேன். தங்கம் ஓய்வு வயது வரை இருந்துதான் வீட்டுக்குப் போனார்.

வீடியோக்கள் என் உத்தரவுப்படி வைக்கப்பட்டன என்று அந்தக் குறிப்பில் எழுதியிருக்கிறேன். என் பணிக்காலத்தில் நான் எழுதிய ஒரே பொய் அது. அப்படியோர் உத்தரவு போட எனக்கல்லவா முதலில் தோன்றியிருக்க வேண்டும்?