நாக்கில்லாத ரீல்

அன்றைக்கு மேட்டூர் அணையின் தண்ணீர் ஓரத்தில் இருந்தவர்கள் இவர்கள்.

மேஸ்திரி மாமா. அணை கட்டும்போது கல் வேலைக்கு மேஸ்திரியாக இருந்தவர். எழுந்ததிலிருந்து படுக்கும்வரை பேசுவார்.

அவர் சம்சாரம். மீன் குழம்புக்கு மசால் அரைத்துப் போசியில் கொண்டுவந்தவர்.

அவர்கள் மகள் பாவாயி. அடுப்புக்கு ஊதிக்கொண்டிருந்தாள்.

என் அக்கா வீட்டுக்காரர், காளியப்ப மச்சான். பாவாயியை எனக்குப் பேசி முடிக்க அலைந்தவர்.

ஒரு கெண்டை. நேரில் பார்க்கவில்லை. ஆனால் இருந்தது.

நான்.

இத்தனை பேரில் புத்தியில்லாதது நான் ஒருவன்தான். (கெண்டையைச் சேர்த்துத்தான் சொல்கிறேன்.)

எனக்கு அப்போது பேச்சு வராது. ஊமை இல்லை. தலையாட்டினால் முடிகிற காரியத்துக்கு வாய் எதற்கு என்று இருந்துவிடுவேன். ஜலகண்டாபுரத்துக்கு மேற்கே எங்கள் காடு. நாள் முழுக்க மாடு ஓட்டிக் கவலையில் கிணற்றுத் தண்ணீர் இறைப்பேன். மாடு என்னிடம் பேச்சு எதிர்பார்க்கவில்லை.

மேஸ்திரி மாமா எதிர்பார்த்தார். முதல் தடவை அவர் வீட்டுக்குப் போனபோது மழை, பயிர், யுத்தம், பருத்தி விலை என்று எல்லாம் கேட்டார். நான் நான்கு முறை தலையாட்டினேன். அவர் மச்சானைத் தனியாகக் கூப்பிட்டார். தனியாக என்றால் இரண்டடி தள்ளி.

"ஏப்பா காளியப்பா, பையன் வாயே தொறக்க மாட்டீங்கறான். மண்டையில என்னமாச்சும் இருக்குதா இல்லையான்னு நான் எப்படிக் கண்டுபுடிக்கறது?"

"தங்கமான பையனுங்க மாமா. ஒரு வேலை சொல்லிப் பாருங்களேன்."

மாமாவுக்குத் தூண்டில் பைத்தியம். அணை வேலைக்கு வந்த ஒரு துரையிடம் கற்றுக்கொண்டது. துரை போகும்போது தூண்டில் கோலைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதில் நூல் சுற்றும் சக்கரம், அதுதான் ரீல், அது உடைந்துபோய் மூன்று மாதமாக மாமா மீன் பிடிக்கவில்லை. மூன்று மாதமாக அவர் வீட்டில் யாருக்கும் நிம்மதியும் இல்லை. மாமா என் பக்கம் திரும்பினார்.

"சேலம் போறயல்லோ? ஒரு ரீல் வாங்கியா சாமி. கெட்டியா இருக்கோணும். வெலையும் கையக் கடிக்கப்படாது. பெரிய கெண்டை இழுத்தாலும் தாங்கோணும். பாத்து வாங்குவியா?"

"சரிங்க."

(ரீல் எப்படியிருக்கும் என்று அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் பேச வேண்டி வருமே.)

யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ் பிடித்துச் சேலம் போனேன். ஏற்றத்தில் இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினோம். ஊர் திரும்பும் துரைமார்கள் விட்டுப்போன சாமானை விற்கிற கடை ஒன்று இருந்தது. தொப்பி, கடிகாரம், ஒற்றைக் கால் பூட்ஸ். கடைக்காரர் மூன்று ரீலை எடுத்து வைத்தார்.

"எதுக்கு என்னன்னு எனக்குத் தெரியாதுப்பா. துரைங்க சாமான். நீயே பாத்துக்கோ."

எனக்கு மீன் தெரியாது. சக்கரம் தெரியும். கவலைச் சக்கரத்தை எப்படிப் பார்ப்பேனோ அப்படிப் பார்த்தேன். முதல் ரீல் தகரம். அமுக்கினால் நெளிந்தது. கீழே வைத்தேன். இரண்டாவது மரம். சுண்டிவிட்டால் ஓடியது, ஆனால் அச்சில் ஆட்டம். அதையும் வைத்தேன். மூன்றாவது பித்தளை. ஆட்டமே இல்லை. பல் வைத்துக் கடித்துப் பார்த்தேன். வேட்டி முனையில் எடைக்கல்லைக் கட்டி அதில் தொங்கவிட்டேன். நெளியவில்லை. சுற்றினேன்.

கிர்ர்ர்ர்.

கடையில் உறங்கிய பூனை எழுந்து ஓடியது.

"கத்துதுங்க," என்றேன்.

"பக்கத்துல பொத்தான் இருக்கு பாரு." தள்ளிவிட்டார். சத்தம் நின்றது. திரும்பத் தள்ளினார். கிர்ர்ர்ர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சந்தையில் மாட்டின் புண்ணுக்கு மேலே மஞ்சள் பூசி விற்கிறவனை எத்தனை பார்த்திருக்கிறேன்! பொத்தானைத் தள்ளி மூடிவிட்டால் உள்ளே இருக்கிற கோளாறு போய்விடுமா?

"கத்துதுங்க."

"அது அப்படித்தான்பா."

"கத்துதுங்க."

அரை மணி நேரம் இந்த ஒரு வார்த்தையைத்தான் சொன்னேன். கடைசியில் கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, பாதி விலைக்குக் கொடுத்துவிட்டார். வாழ்க்கையில் நான் பேரம் பேசி ஜெயித்தது அந்த ஒரு முறைதான். அம்மாபேட்டையில் நெசவு வீடொன்றில் முறுக்குப் பட்டு நூலும் வாங்கிக்கொண்டேன். பஸ்ஸைத் தள்ளும்போதுகூட விசில் அடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ரீலைக் கழற்றினேன். கோளாறு கண்ணுக்குத் தெரிந்தது. உள்ளே ஒரு பல் சக்கரம். அதன்மேல் நாக்கு மாதிரி ஒரு சின்னத் தகடு. சுற்றும்போதெல்லாம் நாக்கு பல்லில் இடித்து இடித்துக் கத்துகிறது. இதைக்கூடவா துரைமார் பார்க்கவில்லை! நாக்கைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டேன். பிறகு வண்டிக்குப் போடுகிற மசகை விரலால் எடுத்து அச்செல்லாம் அப்பினேன். சுண்டிவிட்டேன். ரீல் ஓடியது. நான் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தேன். இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் சுத்தமாக இல்லை.

எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அணைக்குப் போனோம். பெண்ணையும் கூட்டிவந்தது முறையில்லை என்று மச்சான் முணுமுணுத்தார். "பொறவு சோறு நீ ஆக்கறயா?" என்றார் மாமா.

ரீலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அட சாமி! பித்தளையா? இந்த வெலைக்கா? காளியப்பா, பையனுக்கு மண்டையில இருக்குதப்பா!" சுற்றிப் பார்த்தார். "வெண்ணெயாட்டம் போவுதே!"

பாவாயி அடுப்பை விட்டு நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். நான் புது வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

மாமா கேழ்வரகுக் களியும் புண்ணாக்கும் பிசைந்த உருண்டையை முள்ளில் குத்தி, கட்டை விரலால் சக்கரத்தை அமுக்கி, வீசினார். தூரத்தில் போய் விழுந்தது. கோலைக் கவட்டைக் குச்சியில் சாய்த்து அடியில் கல்லை வைத்தார். ரீலின் பக்கத்துப் பொத்தானைத் தள்ளிவிட்டார்.

"அவ்வளவுதான். சத்தம் கேட்டா எந்திரிச்சுக்கறேன்," என்று சொல்லித் துண்டை விரித்துப் படுத்தார். குறட்டை வந்துவிட்டது.

மீன் எங்கே கத்தும் என்று எனக்கு ஒரு சந்தேகம். கேட்கவில்லை. மச்சான் பரிசல்காரரிடம் வெற்றிலை கேட்கப் போய்விட்டார். நான் ரீலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் ரீல் சுற்ற ஆரம்பித்தது.

என்ன அழகு! ஒரு முனகல் இல்லை. முதலில் மெல்ல, பிறகு வேகமாக, கைப்பிடியே கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. என் மசகு அப்படி வேலை செய்தது. கன்னத்தில் கை வைத்து ரசித்தேன்.

அடுப்புப் பக்கமிருந்து குரல் வந்தது. "ஏனுங்க. அது சுத்துதுங்க."

"ஆமாங்க."

"நூலு போவுதுங்க."

"ம்."

"மீனு இழுக்குதுங்க! அய்யன எழுப்புங்க!"

தூங்குகிற பெரியவரை எப்படி எழுப்புவது? அதுவும் பெண் கொடுக்கப் போகிறவரை. தொண்டையைச் செருமினேன். எனக்கே கேட்கவில்லை.

"அய்யா!" என்று பாவாயி போட்ட கூச்சலில் அணை விரிசல் விட்டிருக்கும். (மாமா கட்டியது, தாங்கியது.)

மாமா துள்ளி எழுந்து ரீலைப் பிடித்தார். சுற்றுகிற கைப்பிடி அவர் விரல் கணுக்களில் படபடவென்று அடித்தது. "ஆத்தாடி!" என்று கையை விட்டார். விரலால் அமுக்கினார். மசகில் வழுக்கியது. நூல் முடிந்தது. கோல் எழுந்து, கல்லைத் தள்ளிவிட்டு, தண்ணீரைப் பார்த்துக் கிளம்பியது.

நான் பாய்ந்தேன். கோலைப் பிடித்துவிட்டேன். கெண்டை என்னையும் சேர்த்து இழுத்தது. மாமா பாய்ந்து என் வேட்டியைப் பிடித்தார். கெண்டை முன்னே இழுக்க, மாமா பின்னே இழுக்க, வேட்டி மாமாவின் பக்கம் சேர்ந்தது. நான் கெண்டையின் பக்கம் சேர்ந்தேன்.

காட்டில் எனக்குக் கோவணம்தான் உடுப்பு. அதற்காக நான் வெட்கப்பட்டதில்லை. ஆனால் பார்க்க வந்த பெண்ணுக்கு முன்னால் கழுத்தளவு தண்ணீரிலிருந்து கோவணத்தோடு ஏறி வருவது வேறு விஷயம். நூல் அறுந்து கெண்டை போய்விட்டது. கோல் மட்டும் கையில் இருந்தது.

மாமா ரீலைக் கழற்றிப் பார்த்தார்.

"இதுல ஒரு நாக்கு இருக்குமே. எங்கே?"

"பிடுங்கிட்டனுங்க."

"ஏன்?"

"கத்துச்சுங்க."

மாமா என் வேட்டியால் விரலில் இருந்த ரத்தத்தைத் துடைத்தார்.

"கத்தத்தானடா அத வெச்சிருக்கான்! மீனு இழுத்தா அது என்ன எழுப்பும். சரி, அது எழுப்பல. நீ ஏன் எழுப்பல?"

"தூங்கிட்டிருந்தீங்க."

மாமா வானத்தைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். கூச்சல் கேட்டு ஓடிவந்திருந்த மச்சான் வெற்றிலையைத் துப்பக்கூட மறந்து நின்றார்.

"காளியப்பா, இவனுக்கா பொண்ணக் குடுக்கறது? ஊடு தீப்புடிச்சாலும், மாமா தூங்கறாருன்னு பக்கத்துல உக்காந்து வேடிக்கை பாப்பானே! முடியாது. கெளம்பு."

நான் வேட்டிக்காகக் கை நீட்டினேன். அதைக் கேட்கவும் வாய் வரவில்லை. போய்விட வேண்டியதுதான் என்று தெரிந்தது. நெஞ்சு கெண்டையை விடக் கனமாக இருந்தது.

"அய்யா," என்றாள் பாவாயி. தலை குனிந்து அடுப்பைக் கிளறிக்கொண்டே சொன்னாள். "எழுப்பறதுக்குத்தான் நானிருக்கறனுங்களே."

அவள் அம்மா முதலில் சிரித்தார். போசி கவிழ்கிற மாதிரி சிரித்தார். பிறகு மச்சான்.   மாமா வேட்டியை என்மேல் வீசினார்.

அரைத்த மசாலில் கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தார்கள். தையில் கல்யாணம்.

இன்றைக்கும் என் வீட்டில் பால் பொங்கினால், கன்று அவிழ்த்துக்கொண்டால், வாசலில் ஆள் வந்து நின்றால், நான் சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன் என்று எல்லோருக்கும் தெரியும். பேரன் பேத்திவரை ஓடிவந்து என் காதில் "கிர்ர்ர்ர்" என்கிறார்கள். பெண் எடுத்த வீடு, கொடுத்த வீடு எல்லாவற்றிலும் இது பரவிவிட்டது. தபால்காரர்கூட மணி அடிப்பதில்லை.

பாவாயி இதற்கு மேலே ஒன்று சேர்த்துச் சொல்வாள். கல்யாணத்தன்று விடிந்ததிலிருந்து விளக்கு அணைக்கிறவரை நான் பேசிய வார்த்தைகளை அவள் எண்ணிக்கொண்டே இருந்தாளாம்.

ஏழு.