எக்காளத்தில் விழுந்த ஒடுக்கு

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொள்வது. உங்கள் வீட்டில் நானும் உங்கள் அத்தையும் நலம். உங்கள் நலத்தைக் கெடுத்தவனே நான் என்பதால் அதை விசாரிக்க வாய் வரவில்லை.

காலமெல்லாம் பாத்திரக் கடையில் உட்கார்ந்தவன் நான். ஒடுக்கு விழுந்த எதைப் பார்த்தாலும் எனக்குச் சோறு இறங்காது. அணிவகுப்புக்கு முந்தைய வாரம் படைப்பிரிவின் எக்காளம் அதை ஊதுகிறவர் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்பது வழக்கமென்று நீங்கள் கொண்டுவந்து கூடத்து மேசையில் வைத்தீர்கள். அதன் வாயருகே இத்தனை பெரிய ஒடுக்கு! பாவம், மாப்பிள்ளைக்கு நேரமில்லை போலிருக்கிறது என்று நினைத்து, நீங்கள் வேலைக்குப் போனதும் நம் பழைய பட்டறைக்காரரிடம் கொடுத்துத் தட்டி எடுத்து, பாலிஷும் போட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தேன். பார்த்ததும் அசந்துபோவீர்கள் என்று நினைத்தேன். அசந்துதான் போனீர்கள், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு.

அப்புறம்தானே சொன்னீர்கள்! பழைய போரில் படை சிதறி ஓடியபோது, எக்காளக்காரர் ஒருவர் குண்டடி பட்டும் விடாமல், எக்காளத்தில் தொங்கும் கொடித்துணியால் காயத்தை அழுத்திக்கொண்டே ஊதினாராம். ஓடியவர்கள் அந்தச் சத்தத்துக்குத் திரும்பி வந்தார்களாம். அவர் சாய்ந்தபோது தரையில் மோதி விழுந்த ஒடுக்காம் அது. அதனால்தான் எக்காளத்தின் குரல் கொஞ்சம் கம்மலாக வருமாம், அந்தக் கம்மலைக் கேட்டால்தான் உங்க ஆளுங்க விறைப்பா நிப்பாங்களாம். எனக்கு எப்படித் தெரியும், மாப்பிள்ளை? ஒத்திகையில நீங்க ஊத, ஒருத்தரும் அசையலையாம், மகள் அவ அம்மாகிட்ட சொன்னா. உங்க பெரிய அதிகாரி, "யாருய்யா அது, கல்யாண பேண்டு?"ன்னு கேட்டாராம்.

அன்று ஒத்திகைக்காக எக்காளத்தோடு முகாமுக்குப் போன நீங்கள் இன்னும் வீடு திரும்பவில்லை. மகள் என்னிடம் பேசுவதில்லை. உங்கள் அத்தை மட்டும், "ஒரு பொருளையாவது அது இருக்கிறபடி இருக்க விட்டிருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எப்போதும் "வரேன் மாமா" என்று சொல்லிக் கிளம்புவீர்கள். அன்றைக்கு வெறும் "வரேன்" என்றீர்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இனி உங்கள் சாமான் எதையும் தொடமாட்டேன், இது சத்தியம். அணிவகுப்பு நல்லபடியாக முடிந்து, பழையபடி மாமா என்று கூப்பிட்டுக்கொண்டு வாருங்கள்.

உங்கள் நலமே நினைக்கும்,
மாமனார்.

பி.கு.: கொடித்துணியை அணிவகுப்பன்றுதான் கட்டுவீர்களாமே, அது இங்கேயே கிடந்தது. நடுவில் துருப் பிடித்த மாதிரி பெரிய பழைய கறை. சத்தியம் செய்வதற்கு முன்பே ஊறப்போட்டுவிட்டதால் இது கணக்கில் வராது. தேய்த்த தேய்ப்பில் கறை இருந்த இடமே தெரியவில்லை. இஸ்திரி போட்டு, உறையிலிட்டு, இந்தக் கடிதத்தோடு மகளிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். இதைப் பார்த்தாவது உங்கள் மனம் குளிரும்.