எண்ணெய் அண்ணாச்சி எடுத்த போன்

மனிதனுக்கு வருகிற எந்தக் கஷ்டமும் உச்சியில் நல்லெண்ணெய் வைத்து அருவியில் தலையைக் கொடுத்தால் ஓடிவிடும் என்று நம்பிய ஒரே வார்டன், இந்தப் பூமியிலேயே எங்கள் எண்ணெய் அண்ணாச்சிதான்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் எங்கள் பல்கலைக்கழக விடுதி. அவர் வார்டன், நான் உதவி வார்டன். அவருடைய ஸ்கூட்டர் பெட்டியில் ஆர்சி புக் இருக்காது; எண்ணெய் பாட்டில் இருக்கும். கணக்கில் அரியர் வைத்தவன், காதலி கைவிட்டவன், காய்ச்சல்காரன் எல்லோருக்கும் ஒரே வைத்தியம். விடுதியை ஆய்வு செய்ய வந்த ஓர் அதிகாரி குறைகளாக எழுதித் தள்ளினார். மறுநாள் காலையில் அவரைத் துண்டும் கையுமாகப் பழைய குற்றால அருவியில் பார்த்தேன். எங்களுக்கு நற்சான்று கிடைத்தது.

இந்த வைத்தியத்துக்கு மசியாத முதல் ஆள் யூசுப். சூடானிலிருந்து படிக்க வந்தவன். அவன் ஊரில் சண்டை மூண்டது. அம்மாவும் தங்கைகளும் வீட்டை விட்டு ஓடினார்கள் என்பது வரைக்கும் தகவல் வந்தது, அப்புறம் ஒன்றுமில்லை. பையன் போனும் கையுமாகக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். மெஸ் சாப்பாடு தொடாமல் திரும்பி வந்தது.

பல்கலைக்கழகம் தன் பங்குக்கு ஒரு கூட்டம் போட்டது. உலக அமைதி பற்றி நிறையப் பேர் பேசினார்கள். மனநல ஆலோசகரின் நம்பரை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். யூசுப் கூப்பிடவில்லை. தான் பேசிக்கொண்டிருக்கும்போது அம்மா கூப்பிட்டு, லைன் பிஸி என்று வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தான்.

அண்ணாச்சி ஐந்தருவிக்கு வரச் சொன்னபோதும் இதே பயம். போனை விட்டு நகரமாட்டேன் என்றான். நம் பேச்சு அவனுக்கு ஓரளவு பிடிபட்டிருந்தது.

“போன நான் வச்சிக்கிடுதேன். அடிச்சா எடுக்கேன். போதுமாலே?”

நானும் கூடப் போனேன். ஐந்தருவியில் மசாஜ்காரர் அவனை எண்ணெயில் ஊறவைத்து அனுப்பினார். அவன் தண்ணீருக்குள் நுழைந்ததுதான் தாமதம், போன் அடித்தது. நீளமான வெளிநாட்டு நம்பர். அண்ணாச்சி எடுத்தார். ஒரு பெண் குரல், “யூசுப், யூசுப்” என்று அழுதது. போனோடு அருவிக்குள் ஓட முடியாது. வைத்துவிட்டால் மறுபடி லைன் கிடைக்கும் என்று நிச்சயமில்லை.

“சார், நீங்க அவன இழுத்துட்டு வாங்க. நான் அம்மாவப் பேச்சுல பிடிச்சு வைக்கேன்” என்று சொல்லிவிட்டு, இரைச்சல் இல்லாத இடம் தேடிக் கடைப்பக்கம் ஓடினார்.

நான் பேண்ட் சட்டையோடு அருவிக்குள் புகுந்தேன். எண்ணெய் பூசிய ஆளைப் பிடித்து இழுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. முதலில் வேறு யாரையோ இழுத்து நல்ல வசவு வாங்கினேன். பிறகு கிடைத்த யூசுபும் கைக்குக் கை வழுக்கினான்.

ஒருவழியாக நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, அண்ணாச்சி ஒரு பழக்கடை ஓரத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார். அந்த அம்மா அரபியில் அழ, இவர் திருநெல்வேலித் தமிழில் சமாதானம் சொன்னார்.

“அழாதியம்மா. பிள்ள நல்லா இருக்கான். மூணு வேளையும் சாப்பிடுதான். இப்பம் குளிக்கான், வந்துருவான். வச்சிராதிய.”

யூசுபின் எண்ணெய்க் கையில் போன் நிற்கவில்லை. அண்ணாச்சியே அவன் காதில் வைத்துப் பிடித்தார். அம்மாவும் தங்கைகளும் எல்லை தாண்டி ஒரு முகாமில் இருந்தார்கள். உயிரோடு இருந்தார்கள். பையன் அழுதான். விஷயம் புரியாமலே பழக்கடைக்காரரும் அழுதார். அண்ணாச்சி மட்டும் கை கடுக்கிறது என்று கையை மாற்றிக்கொண்டார்.

பேசி முடித்ததும் விடுதிக்குப் போகலாம் என்றேன். அவர் நேரே எதிரிலிருந்த பரோட்டாக் கடைக்கு நடந்தார்.

“வாலே. மூணு வேளையும் சாப்பிடுதான்னு உங்கம்மாட்ட சொல்லிருக்கேன். பெத்தவட்ட சொன்னது பொய்யாப் போகக் கூடாது. உக்காந்து தின்னு.”

யூசுப் தின்றான். பரோட்டா மாஸ்டர் வேர்க்க விறுவிறுக்க அடித்தும் அவனுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

நான் இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறேன். எந்த நாட்டில் குண்டு விழுந்தது என்று செய்தியில் பார்த்தாலும், அந்த நாட்டுப் பிள்ளை யாராவது நம் பக்கம் படிக்க வந்திருந்தால் அது எண்ணெய் அண்ணாச்சி விடுதியில் இருக்க வேண்டுமே என்றுதான் முதலில் நினைக்கிறேன்.