மகளின் ஞானஸ்நானத்துக்கு நான் வராத காரணம்

பாண்டிருப்பு.

போதகர் சுஜிந்தன் அவர்களுக்கு,

உங்கள் அக்காவைக் கட்டிய ஜீவராஜ் மரியாதையோடு எழுதுவது. இங்கு யாவரும் சுகம். உங்கள் சபையாரும் அப்படியே இருக்கவேண்டும். போதகர் என்பதால் ‘நீங்கள்’ என்று தொடங்கியிருக்கிறேன். நாய் குரைத்தால் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்த மச்சானும் நீங்கள்தான் என்பதால், நடுவில் ‘நீ’ வந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

வருகிற ஞாயிறு திருக்கோவில் கடலில் தர்சினிக்கு ஞானஸ்நானம், தகப்பன் கூட நிற்கவேண்டும் என்று சொல்லியனுப்பினீர்கள். நான் வரமாட்டேன். உங்கள் ஆண்டவர் ஓர் அற்புதம் காட்டட்டும், அப்போது வருகிறேன் என்று மகளிடம் முன்பே சொல்லிவிட்டேன்.

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லாத நாளாகப் பார்த்து, பின்னேரத்துக்குள் மழை பெய்தால் நம்புகிறேன் என்றேன். பெய்தது. முற்றத்தில் கருவாடு காயப்போட்டிருந்ததை நான்தான் மறந்துபோனேன். நனைந்த கருவாட்டை அள்ளிக்கொண்டே, கடற்கரையில் மழை இப்படித்தான் வரும், இது கணக்கில் சேராது என்றேன். பிறகு என் முழங்கால் வலி போகட்டும், பார்ப்போம் என்றேன். கரைவலை இழுத்து இழுத்துத் தேய்ந்த கால் அது. மகள் கை வைத்துச் செபம் பண்ணினாள். விடிய எழும்பினால் வலியைக் காணவில்லை. சொன்னால் தோற்றுப்போவேனே என்று சுகமான காலை நொண்டிக்கொண்டு திரிந்தேன். பொய்க்கு நொண்டுவது மெய்யாக நொண்டுவதைவிடக் கஷ்டம் மச்சான், இடுப்புப் பிடித்துவிட்டது. மருதமுனையிலிருந்து மீன் எடுக்க வரும் மிஹ்லார் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, “மச்சான், நேத்து மத்தக் காலைத்தானே நொண்டின நீங்க?” என்றான். தர்சினி பக்கத்தில்தான் நின்றாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

உள்ளதைச் சொல்கிறேன். முன்பு அவள் கண் விழித்தால் முதல் கதை என்னோடுதான். கண்ட கனவுகூட என் காதுக்கு வந்த பிறகுதான் தாய்க்குப் போகும். இப்போது விடிந்தால் பாயில் முழங்காலில் இருந்து, கண்ணை மூடிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத ஒருவரோடு கதைக்கிறாள். நான் வெளியே தேத்தண்ணியை வைத்துக்கொண்டு நிற்கிறேன், அது ஆறிப்போகிறது. சில நாள் உள்ளே சிரிப்பும் கேட்கிறது. அவர் பதிலுக்கு ஒரு சொல் சொன்னதாய் நான் கேட்கவில்லை. நான் எவ்வளவு கதைப்பேன்! ஊரில் ஒரு பொடியன் என்றால் வீடு தேடிப்போய்ச் சண்டை பிடித்திருப்பேன். இவரை எங்கே போய்ப் பிடிக்க? அதனால்தான் அற்புதம் கேட்டேன். அவர் காட்டாமல் விட்டால் மகள் என் பக்கம் திரும்புவாள் என்று பார்த்தேன். அவர் காட்டக் காட்ட எனக்கு வயிறு எரிந்ததுதான் மிச்சம்.

நேற்று வலை இழுக்கும்போது ஒரு மனுசன் பையோடு கரையில் குந்தியிருந்தார். மீன் சேரும் வலைமடி கரைக்குக் கிட்ட வந்து மீன் துள்ளுவது தெரிந்த பிறகுதான் எழும்பி வந்து கயிற்றைத் தொட்டார். மீனைக் கண்டபிறகு கயிறு பிடிப்பவனுக்குப் பங்கு இல்லை என்று எல்லாருக்கும் கேட்க ஏசி அனுப்பினேன். மகள் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். இரவு சோறு போடும்போது மெல்லச் சொன்னாள்:

“அந்த மனுசனுக்கு ஒரு கறிக்காவது மீன் குடுத்திருக்கலாம் அப்பா. நீங்களும் மடி தெரியட்டும் எண்டுதானே நிக்கிறீங்க.”

எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் இன்னொருதரம் போட்டுச் சாப்பிட்டேன், சொன்னது சுட்டுவிட்டது என்று அவள் நினைக்கக் கூடாதே.

ஆகவே வரமாட்டேன் என்பதே முடிவு. சபையாருக்கு என் வணக்கம். உன் பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். உன்னுடையதைப்போல வேலை செய்யாவிட்டாலும் கொடுத்துவை.

இப்படிக்கு,
இன்னும் தோற்காத உன் மச்சான்,
ஜீவராஜ்

பி.கு.: எந்த இடத்தில் இறக்கப்போகிறாய் என்று இப்போதுதான் மகளிடம் கேட்டேன். மடையா, அந்த இடத்தில் காலடியில் பள்ளம், கடல் உள்ளுக்கு இழுக்கும். நீ கணுக்கால் நனைத்ததோடு கரைக்கு ஓடிவந்தவன். ஞாயிறு விடிய நான் வலைக்கயிற்றோடு வருகிறேன். அலை வரும் பக்கம் நான் நிற்பேன். நம்பி வரவில்லை, மகளைப் பிடிக்க வருகிறேன். ஒன்று மட்டும். நான் இரண்டு கையாலும் அவளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நேரம் நீ என் தலையையும் சேர்த்துத் தண்ணீரில் அமுக்கினால், தட்டிவிட என்னிடம் வேறு கை இல்லை. இதை உனக்குத் தெரிவித்து வைக்கிறேன்.