அத்தைக்கு விழுந்த எலுமிச்சம்பழம்

ஓசூர்,
வைகாசி மாதக் கடைசி வெள்ளி, 1956

மகா-ள-ஸ்ரீ மாப்பிள்ளை கோவிந்தப்பன் அவர்கள் சமூகத்துக்கு, மாட்டுப்பண்ணை ஸ்டாக்மேன் ராஜப்பன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் மாதம்மாளும் பண்ணைக் காளைகளும் அம்மன் புண்ணியத்தில் சௌக்கியம். சாமல்பட்டியில் தாங்களும் தங்கள் தாயார் சரசம்மா அவர்களும் என் தங்கை செல்வம்மாளும் சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். ஸ்டேஷனில் கூட்ஸ் வண்டிகளெல்லாம் சரியாக வந்து போகின்றனவா? புளி இந்த வருஷம் எப்படி? சௌக்கியம் சொன்ன வரிசையில் காளைகளைக்கூட எழுதிவிட்டு என் மகன் சென்னப்பனை விட்டுவிட்டதைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள். அவனைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இதைத் தாங்கள் தனியாக இருக்கும்போது படிக்க வேண்டும், படித்ததும் அடுப்பில் போட்டுவிட வேண்டும், தாயார் அவர்கள் கேட்டால் பருத்திக்கொட்டை விலையைப் பற்றி எழுதியிருக்கிறான் என்று சொல்லிவிட வேண்டும்.

அர்ச்சுனன் தபசில் பிடித்த எலுமிச்சம்பழம் ஏன் இன்னும் வந்து சேரவில்லை என்று கார்டு போட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. கல்யாணமாகி எட்டு வருஷமாகியும் செல்வம்மாள் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை என்பதும், ஆடி பிறப்பதற்குள் நல்ல சேதி இல்லாவிட்டால் தங்களுக்குச் சிங்காரப்பேட்டையில் இன்னொரு பெண்ணை முடித்துவிடுவது என்று தாயார் அவர்கள் வெற்றிலை பாக்கு வரைக்கும் போய்விட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டாம் தாரம் கட்டக் கூடாதென்று இப்போது சட்டம் இருக்கிறது. மாப்பிள்ளைக்குச் சட்டம் எழுதுகிற அளவுக்கு நான் இன்னும் துணியவில்லை, அதனால் அதை எழுதவில்லை. எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில் அர்ச்சுனன் வேஷக்காரன் தபசுக்காக நட்ட மரத்தின் உச்சியில் ஏறிப் பாடி எறிகிற எலுமிச்சம்பழத்தை ஈரப்புடவையோடு நின்று முந்தானையில் பிடித்துத் தின்றால் பிள்ளை பிறக்கும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. கூத்துக்குச் செல்வம்மாளை அனுப்பத் தாயார் ஒப்பவில்லை. அதனால் நாத்தனாருக்குப் பதிலாக மாதம்மாளே விரதம் இருந்து, ஏரியில் முழுகி, நனைந்த புடவையோடு வெயிலில் நின்றாள். அர்ச்சுனன் வேஷம் கட்டியவன் எங்கள் பண்ணையில் பொலிகாளைகளை மேய்க்கிற கங்கப்பன்தான். தெரிந்த ஆள் என்பதால் எங்கள் பக்கம் பார்த்தே எறிந்தான். பழம் மாதம்மாள் நெற்றியில் பட்டுத் தெறித்துப் பின்னால் மாட்டு வண்டி மேல் உட்கார்ந்திருந்த சென்னப்பன் மடியில் விழுந்தது. அவன் பதின்மூன்று வயசுப் பையன், வெயில் வேறு, பையில் உப்பு வேறு வைத்திருந்தான். மாதம்மாள் நெற்றியைத் தடவிக்கொண்டு திரும்பிப் பார்ப்பதற்குள் தோலைத் துப்பிக்கொண்டிருந்தான்.

மாதம்மாள் அங்கேயே தலையில் அடித்துக்கொண்டாள். "அடப்பாவி, அது உங்க அத்தைக்குப் புள்ள பொறக்கறதுக்கு விழுந்த பழம்டா! அதத் தின்னுபுட்டியேடா!" என்று கூட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள். பையன் முகம் வெளுத்துப் போனது. திட்டு வாங்கியதால் என்று நாங்கள் நினைத்தோம். அது எங்கள் முதல் தப்பு.

அதற்கப்புறம் பையன் சடுகுடு ஆடப் போகவில்லை. புளியமரம் ஏறவில்லை. இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு மெதுவாக நடந்தான். களி உருண்டையை வழக்கத்தைவிட ஒன்று கூடப் போடச் சொன்னான், கேட்டால் "எனக்கு மட்டுமா?" என்று பெருமூச்சு விட்டான். சாம்பலைத் தின்னத் தோணுமா என்று மாதம்மாளைக் கேட்டிருக்கிறான். "ஏம்மா, புள்ள பொறக்கறப்ப ரொம்ப வலிக்குமா?" என்றும் கேட்டிருக்கிறான். அவள் பயந்துபோய் ஏதோ காற்றுச் சேட்டை என்று வேப்பிலை அடித்தாள். தின்ற களியில் வயிறும் உப்பிவிட்டது. அதைத் தொட்டுப் பார்த்துத் தொட்டுப் பார்த்து அவன் அழுததைக் கண்டு நான் கூப்பிட்டு மிரட்டினேன். அப்போது அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அப்பா, அத்தையோட கொழந்த எங்கிட்ட வந்துருச்சிப்பா. நான் வேணும்னு பண்ணல. பொறந்ததும் சாமல்பட்டிக்கு எடுத்துகினு போயி அத்தைகிட்டயே குடுத்துடறேன். மாமாவோட அம்மாகிட்ட சொல்லி அந்தச் சிங்காரப்பேட்டப் பொண்ண வேணாம்னு சொல்லச் சொல்லுப்பா."

நான் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை, மாப்பிள்ளை. நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசிய பேச்செல்லாம் இந்தப் பிள்ளை காதில் விழுந்து, தன் வயிற்றிலாவது சுமந்து அத்தையைக் காப்பாற்றுவது என்று ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது.

"ஏன்டா, பண்ணையிலே பொறந்து வளந்தவன், மாடு சினை பிடிக்கறது உனக்குத் தெரியாதா?" என்றேன். "அது தெரியும்ப்பா. அது மாட்டுக்கு. மனுசங்களுக்கு அர்ச்சுனன்" என்றான். இதற்குமேல் விளக்கம் சொல்ல வேண்டியது தகப்பன். நான் செய்தது என்னவென்றால், வயிற்று உப்பிசத்துக்கு மருந்து கொடுங்கள், கூடவே நாலு வார்த்தை புத்தியும் சொல்லுங்கள் என்று ஒரு சீட்டெழுதிக் கம்பவுண்டர் ஜெபதுரையிடம் அவனை அனுப்பினேன். ஜெபதுரை நாலு பெண்களுக்குத் தகப்பன், சர்ச் உபதேசியார் மாதிரி பேசுவார், அவரால் முடியும் என்று நினைத்தேன். அவர் சீட்டைப் படித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, பையனுக்கு விளக்கெண்ணெயைக் கொடுத்துப் புத்தியைக் கொடுக்காமல் அனுப்பிவிட்டார். சாயங்காலம் சோளக்கொல்லைப் பக்கமிருந்து சென்னப்பன் திரும்பி வந்தபோது வயிறு தட்டையாக இருந்தது. வாசலிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதான். "போச்சுப்பா. அத்தையோட கொழந்த போச்சு. எண்ணெய குடுத்துக் கொன்னுட்டீங்க." பக்கத்து வீட்டு முனிலட்சுமி எட்டிப் பார்த்தாள். ஊருக்குத் தெரிய வேறென்ன வேண்டும்?

மறுநாள் கூத்தில் கோமாளியாக வருகிற கட்டியக்காரன் வயிற்றில் பானையைக் கட்டிக்கொண்டு திரையை விலக்கிக்கொண்டு வந்தான். "நீ யாரு, எந்த ஊரு?" என்று மத்தளக்காரன் கேட்டதற்கு, "எங்கப்பாரு காளைமாட்டு ஸ்டாக்மேனு. ஊரு மாட்டுக்கெல்லாம் கன்னு வந்த வழி சொல்லுவாரு. நான் வந்த வழி மட்டும் சொல்ல மாட்டாரு" என்றான். கூட்டம் உருண்டு சிரித்தது. கங்கப்பன்தான் சொல்லியிருக்க வேண்டும், அர்ச்சுனன் கிரீடத்தோடு ஓரத்தில் நின்று முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான். நான் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு எழுந்து வந்தேன். மாதம்மாள் எழுந்திருக்கவில்லை. அவளும் சிரித்தாளாம்.

அதற்கப்புறம் தப்பிக்க வழியில்லாமல் பையனைப் பண்ணைக்குக் கூட்டிப்போய்ப் பொலிகாளைக் கொட்டகைக்குப் பின்னால் உட்காரவைத்தேன். மாப்பிள்ளை, நான் இந்த உத்தியோகத்துக்கு வந்த நாள் முதலாக எத்தனையோ குடியானவர்களிடம் எந்தப் பசுவை எப்போது காளைக்கு ஓட்டி வரவேண்டும் என்று சந்தை நடுவில் நின்று உரக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு நாளும் நாக்கு குழறியதில்லை. பெற்ற பிள்ளை எதிரில் உட்கார்ந்ததும் தமிழில் ஒரு வார்த்தை வரவில்லை. சரி என்று கன்னடத்தில் ஆரம்பித்தேன். கன்னடத்தில் வெட்கம் கொஞ்சம் குறைவாக இருந்தது. பாதியில் அதிலும் வெட்கம் வந்துவிட்டதால் தெலுங்குக்குப் போனேன். மனுசனுக்கும் ஆணிடமிருந்து பாதி, பெண்ணிடமிருந்து பாதி சேர்ந்துதான் குழந்தை, அது பெண்ணின் வயிற்றில்தான் வளரும், பையன்களுக்கு வராது, எலுமிச்சம்பழத்தால் ஒன்றும் ஆகாது, வளர்ந்து கல்யாணம் கட்டிய பெரியவர்களின் காரியம் இது என்று காளையின் திமிலைப் பார்த்துக்கொண்டே ஒரு வழியாகச் சொல்லி முடித்தேன். குரல் மாறுவதும் மீசை அரும்புவதும் எல்லாப் பையன்களுக்கும் உள்ளதுதான், பயப்படாதே என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அதைக் கேட்டதும் அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதையும் வியாதி என்று நினைத்துக்கொண்டிருந்தானாம். கங்கப்பன் கொட்டகைக்குள் சாணி வாரிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். "சார், இதத் தமிழ்லயே சொல்லியிருக்கலாமே" என்றான்.

இதோடு முடிந்திருந்தால் தங்களுக்கு ஒரு கார்டே போதும். எல்லாம் கேட்டுவிட்டு சென்னப்பன் தலையைச் சொறிந்துகொண்டு ஒரு கேள்வி கேட்டான். "அப்பா, பசு சினை பிடிக்கலைன்னா பண்ணையில டாக்டரு காளையையும் பாக்கறாரே. அத்தைய மட்டும் இத்தன வருசமா விரதம் இருக்கச் சொல்றீங்க, கொளத்துல முழுகச் சொல்றீங்க, மந்திரிச்ச தண்ணி குடிக்கச் சொல்றீங்க. மாமாவ யாருப்பா பாத்தாங்க?" அதற்குமேல் அவன் பேசியபோது நான் அவன் வாயைப் பொத்திவிட்டேன், அதை எழுதவும் மாட்டேன்.

தங்களைக் காளையோடு சேர்த்து எழுதியதற்கு ஆயிரம் தடவை மன்னிக்க வேண்டும். ஆனால் பையன் கேட்டது நியாயம்தான். பண்ணையில் தினமும் செய்கிற காரியம். காளையில் குறை இருக்கலாம், பசுவில் இருக்கலாம், இரண்டிலும் இல்லாமலும் இருக்கலாம், பார்க்காமல் பசுவைக் கழிக்காதே என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். என் சொந்தத் தங்கையைக் கழித்துக்கட்டப் பார்க்கிறார்கள், நான் எலுமிச்சம்பழம் பிடித்து அனுப்புகிறேன் என்று கார்டு எழுதிக்கொண்டிருந்தேன். செல்வம்மாள் கடைசியாக இங்கே வந்தபோது மாதம்மாளிடம் "என்னைய எதுக்கும் ஆகாதவள்னு சொல்லிட்டாங்க அண்ணி" என்று சொல்லி அழுதாளாம். நான் அடுத்த அறையில் மாட்டு மருந்து கலக்கிக்கொண்டிருந்தேன். கேட்டும் கேட்காதவன் போல இருந்தேன். வெட்கப்பட வேண்டிய இடம் அதுதான், மாப்பிள்ளை.

ஆகையால் காலைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். ஆனி முதல் வாரத்தில் தாங்களும் செல்வம்மாளும் இங்கே வர வேண்டும். பெங்களூரில் இதற்கென்றே பெரிய டாக்டர் இருக்கிறார் என்று பண்ணை டாக்டர் சொன்னார். இரண்டு பேரும் காட்டிக்கொள்ள வேண்டும், இரண்டு பேரும். நான் கூடவே வருகிறேன், வெளியில் உட்கார்ந்திருக்கிறேன், யாரிடமும் மூச்சு விட மாட்டேன். தாயாரிடம் பெங்களூரில் பட்டு எடுக்கப் போகிறோம் என்று சொல்லலாம், பட்டு நான் எடுத்துத் தருகிறேன். எலுமிச்சம்பழத்தை மறந்துவிடுங்கள். இந்தக் காலத்தில் படித்தவர்கள் நாமே அதை நம்பிக்கொண்டிருந்தால் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லித் தருவது?

தாயார் அவர்களுக்கு என் நமஸ்காரம். தங்கைக்கு என் ஆசீர்வாதம். தங்களுக்கும் அவளுக்கும் அம்மன் துணை. கோபமிருந்தால் நேரில் வந்து திட்டவும், கார்டில் வேண்டாம், போஸ்ட்மேன் படிக்கிறார்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும் மச்சான்,
ராஜப்பன்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துவிட்டேன், மறுபடியும் பிரித்து எழுதுகிறேன். மாதம்மாள் இதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "டாக்டரு டாக்டரா இருக்கட்டுங்க. அம்மன் பேர்ல வேண்டுன பழத்தத் தின்னது நம்ம புள்ள. நமக்கு மனசு கேக்குமா?" என்றாள். எனக்கும் கேட்கவில்லை. கங்கப்பனிடம் போய் ஒரு பழம் கொடுடா என்றேன். சும்மா கையில் கொடுத்தால் அது ஊறுகாய்க்குத்தான் ஆகும், மரத்தில் ஏறிப் பாடித்தான் எறிய வேண்டும், கேட்கிறவரும் முழுகிவிட்டு நிற்க வேண்டும் என்றுவிட்டான். தபசு மரத்தைப் பிரித்துவிட்டார்கள். அதனால் கொட்டகை வேப்பமரத்தில் ஏறிப் பாடினான். நான் மாட்டுத் தொட்டியில் முழுகி, ஈரவேட்டியோடு, துண்டை விரித்துக்கொண்டு கீழே நின்றேன். முதல் பழம் மூக்கில் பட்டது. இரண்டாவதைப் பிடித்தபோது பண்ணை டாக்டர் ரவுண்டு வந்தார். வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். அந்தப் பழம் இத்துடன் வருகிறது. நான் கட்டி வைத்ததைச் சென்னப்பன் பிரித்து, இரண்டாக வெட்டி, உப்புத் தடவி, தனித்தனி இலையில் மடித்திருக்கிறான். ஏன்டா என்று கேட்டேன். "நீதானேப்பா சொன்ன, ரெண்டு பேரும் பாதி பாதின்னு. மாமா தன் பாதிய திங்கலைன்னா அத்தையும் திங்கக் கூடாதுன்னு எழுது" என்றான். எழுதிவிட்டேன்.