கவாஜா காஸ்பரின் சிக்கன விருந்து

குறைந்த செலவில் வயிறார உண்பது எப்படி என்று உலகத்துக்கே வழிகாட்டிய மேதைகளின் வரலாறு எழுதப்படுமானால், அதன் முதல் அத்தியாயம் கெய்ரோவில், எங்கள் தெருவில், என் வண்டிக்கு முன்னால்தான் தொடங்கும். இதைச் சொல்ல எனக்குப் பெருமையாக இருக்கிறது. வயிறுதான் கொஞ்சம் எரிகிறது.

நான் ரகப். ஃபூல் விற்பவன். வெந்த மொச்சையை எண்ணெய் விட்டு மசித்து, ரொட்டிக்குள் வைத்துத் தருவேன். மேதையின் பெயர் காஸ்பர். வெள்ளைக்காரர் என்பதால் தெருவே அவரை 'கவாஜா' என்றது. பெருநகரங்களில் காசை விரயமாக்காமல் சாப்பிடுவது பற்றிக் 'கள ஆய்வு' நடத்த வந்து, என் எதிர்வீட்டு மாடியில் தங்கியிருந்தார். அரபியைப் புத்தகத்தில் படித்தவர். வாயைத் திறந்தால் மேடைப் பேச்சுதான்.

முதல் நாள் இரண்டு ரொட்டியை முடித்துவிட்டு, "விலை யாது, ஐயா?" என்றார்.

"அட, விடுங்க கவாஜா! உங்ககிட்டப் போய்க் காசு வாங்கறதா?" என்றேன்.

இதற்குமேல் நடக்க வேண்டியது எங்கள் ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அவர் காசை நீட்ட வேண்டும். நான் கையைத் தள்ளிவிட வேண்டும். அவர் மறுபடி நீட்ட வேண்டும்; நான் ஆண்டவன்மேல் ஆணையிட வேண்டும். அப்புறம் அவர் என் சட்டைப்பையில் திணிக்க, நான் மிகுந்த மனவருத்தத்தோடு வாங்கிக்கொள்ள வேண்டும்.

கவாஜா நெஞ்சில் கை வைத்தார். "தங்கள் பெருந்தன்மையை மறவேன்" என்றார். போய்விட்டார். மறுநாள் காலையில் சொன்னபடியே மறக்காமல் வந்தார்.

முடிதிருத்தும் ஷஹாத்தா கடைவாசலில் மதியச் சாப்பாட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு, தெருவில் போன கவாஜாவிடம் "வாங்க, சாப்பிடலாம்" என்றார். சலாம் சொல்வது மாதிரிதான் அதுவும். கவாஜா உட்கார்ந்துவிட்டார். அன்று ஷஹாத்தா பட்டினி.

தேநீர்க்கடையில் அவசர ஆலோசனைக் கூட்டம் கூடியது. தலைமை வகித்தவன் நான்.

"ரகப் அண்ணே, நாளைக்கு வெலையச் சொல்லிடுங்க. தொல்லை விட்டுது" என்றார் ஷஹாத்தா.

"மொதல்ல நீ அவரைக் கூப்பிடாம சாப்பிடு, பாப்போம்!"

"ஐயையோ! மனுஷன் எதிர்ல போறப்ப எப்படிண்ணே? மானம் போயிடும்."

"அப்ப என் மானம் மட்டும் ஓசியில வந்ததா?"

ஒன்றும் செய்வதில்லை என்று ஏகமனதாகத் தீர்மானித்துக் கூட்டம் கலைந்தது.

வெள்ளிக்கிழமை என் மகள் ஹனானின் சம்பந்தத்தைப் பேசி முடிக்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா உம்மு ஹிஷாம் லேசுப்பட்டவர் அல்ல. ஒரு வீட்டில் பரிமாறிய கோழி சின்னது என்று சம்பந்தத்தையே உதறிவிட்டு வந்தவர். ஆகவே என் மனைவி நவால், மொட்டைமாடியில் தானே தீனி போட்டு வளர்த்த ஆறு புறாக்களை, உடைத்த கோதுமை அடைத்து, நெய்யில் சிவக்கப் பொரித்துத் தட்டில் அடுக்கியிருந்தாள். விருந்தாளிகளை எதிர்பார்த்து இருவரும் மாடிவீட்டிலிருந்து இறங்கித் தெருவாசலில் நின்றோம். கவாஜா வந்தார்.

சத்தியமாக நான் சொல்லவில்லை. வாய்தான் சொன்னது: "வாங்க கவாஜா, சாப்பிடலாம்!"

நவால் என் விலாவில் கிள்ளினாள். "ஹனான் அப்பா, உங்க வாய்க்குப் பூட்டே கெடையாதா?"

அதற்குள் கவாஜா படியேறிச் செருப்பைக் கழற்றியாகிவிட்டது. ஆய்வாளருக்கே உரிய பொறுமையுடன் ஒவ்வொரு புறாவாகப் பரிசீலித்தார். ஒன்று முடிந்ததும் "இன்னொண்ணு எடுத்துக்கங்க" என்று உபசரித்தவன் யார்? நான்தான். வழக்கத்தை விட முடியுமா? கடைசிப் புறாவையும் அவர் கையில் எடுத்தபோது நவால் தலைத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அந்த நேரம் பார்த்து உம்மு ஹிஷாம் உள்ளே வந்தார். கவாஜா எழுந்து நின்று, எலும்புக் குவியலைக் கைகாட்டி, "வாருங்கள் அம்மையே, உண்ணலாம்!" என்றார்.

உம்மு ஹிஷாம் தட்டைப் பார்த்தார். "வேணாம்ப்பா, கண்ணாலயே வயிறு நெறஞ்சிருச்சு" என்றவர் என் பக்கம் திரும்பினார். "எலும்பைக் காட்டத்தான் எங்களை வரச் சொன்னீங்களா, ரகப்?"

விறுவிறுவென்று படியிறங்கத் தொடங்கினார். உள்ளறைக் கதவைப் படாரென்று சாத்தினாள் ஹனான்.

கவாஜாவின் மனம் இளகிவிட்டது. "வருந்தாதீர்கள். எங்கள் நகருக்கு வாருங்கள். என் இல்லம் தங்கள் இல்லம்."

நவால் கண்ணைத் துடைத்தாள். "எப்ப வரட்டும்?"

"எ... எப்போது வேண்டுமானாலும்."

"அப்ப அடுத்த மாசமே வர்றோம். ஹனான் கல்யாணத்தை உங்க வீட்லயே வெச்சுக்கலாம். விருந்து உங்களோடது. கோழி மட்டும் பெருசா இருக்கட்டும்!"

படியில் காலடிச் சத்தம் நின்றது. பிறகு கீழிருந்து உம்மு ஹிஷாமின் சிரிப்பு கிளம்பியது. "எங்க பக்கம் முப்பது பேரு வருவோம் கவாஜா! ஞாபகம் வெச்சுக்கங்க!" என்று மூச்சு வாங்க மறுபடி மேலேறி வந்தார். வந்தவர் நவாலைக் கட்டிக்கொண்டு, "வாயுள்ள சம்பந்தி கெடைச்சிருக்கா, புறா போனாப் போகுது" என்றார். சம்பந்தம் அந்த இடத்திலேயே முடிவானது.

கவாஜாவின் முகத்தில்தான் ரத்தமே இல்லை. மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். போகிற வழியில் ஷஹாத்தாவின் சாப்பாட்டில் கடைசியாகப் பங்கெடுத்தபடி, தமது ஆய்வின் முடிவை வெளியிட்டாராம்:

"தங்கமான மக்கள். ஆனால் நாகரிகம் போதாது. ஒரு பேச்சுக்கு 'வாருங்கள்' என்றால், உண்மை என்றே நம்பிவிடுகிறார்கள்!"